அஞ்சு கதவு, நாலு சீட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், எங்க வீட்ல ஒரு மாசமா இதே பஞ்சாயத்து தான். வீட்டுக்காரருக்கு சுஸுகி ஜிம்னி, அதுவும் அஞ்சு கதவு வண்டி மேல ஒரே பைத்தியம். எனக்கு அதே கம்பெனியோட கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப் (நாலு சக்கரமும் இழுக்கற மாடல்) போதும்னு தோணுது. நாங்க ரெண்டு பேர், பசங்க ரெண்டு பேர், அத்தை முக்கால்வாசி நாள் எங்ககூட தான், அவங்களுக்கு முட்டி வலி வேற. எங்க தோட்டத்துக்குப் போற கடைசி ரெண்டு கிலோமீட்டர் மண் ரோடு, மழை பேஞ்சா வழுக்கும், நடுவுல ஒரு எடத்துல சின்ன ஏத்தம். மத்தபடி எல்லாம் தார் ரோடு. ரெண்டுமே ஃபோர் வீல் தானே, எதை எடுக்கலாம்?

பதில்: முதல்ல தலைய எண்ணுங்க. நீங்க ரெண்டு, பசங்க ரெண்டு, அத்தை ஒண்ணு, ஆக அஞ்சு. ஜிம்னில எத்தனை பேர் உக்காரலாம்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க, மனுஷன் வீடியோ வீடியோவா பாத்திருப்பார், ஆனா இதை கவனிச்சிருக்க மாட்டார். நாலு பேர் தாங்க. பின் சீட்டு ரெண்டு பேருக்கு தான். அஞ்சாவது கதவுங்கறது டிக்கி கதவு, அதுல ஸ்டெப்னி தொங்குது. அத்தையை விட்டுட்டுப் போற மாதிரி ஒரு காரை வாங்கிட்டு அப்புறம் வீட்ல நிம்மதியா இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.

பஞ்சாயத்து இதோட முடிஞ்சதுன்னு எழுதிட்டு போயிடலாம். ஆனா 'ரெண்டுமே ஃபோர் வீல் தானே'ன்னு ஒரு வார்த்தை போட்டீங்க பாருங்க, அதை அப்படியே விட மனசு வரல. ரெண்டும் ஒரே கம்பெனி, ரெண்டுலயும் 1462 சிசி இன்ஜின், தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி ரெண்டுக்குமே 210 மில்லிமீட்டர், ஆனா நாலு சக்கரமும் இழுக்கற விஷயத்துல ரெண்டும் வேற வேற ஜாதி.

ஜிம்னி சாதாரணமா ஓடும்போது பின் சக்கரம் மட்டும் தான் இழுக்கும். சேறு வந்தா நீங்களா கியர் பக்கத்துல இருக்கிற சின்ன லீவரைப் புடிச்சு 2எச்-ல (ரெண்டு சக்கர இழுவை) இருந்து 4எச்-க்கு (நாலு சக்கர இழுவை) தள்ளணும். அப்போ முன்னாடியும் பின்னாடியும் கெட்டியா பூட்டிக்கும், ரெண்டையும் வேற வேற வேகத்துல சுத்த விடற டிஃபரன்ஷியல் நடுவுல கிடையாது. அதனால காஞ்ச தார் ரோட்ல 4எச் போட்டுட்டு வளைச்சா, முன் சக்கரம் ஒரு தூரம் ஓடணும்னு பாக்கும், பின் சக்கரம் வேற தூரம் ஓடணும்னு பாக்கும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு வண்டி யாரோ பிரேக் புடிச்ச மாதிரி திக்கும். மழை நாள் தார் ரோட்டுக்கு பயந்து ஃபோர் வீல் வாங்கறவங்களுக்கு இது சரிப்படாது. ஆனா அதுலயே 4எல்னு இன்னொண்ணு இருக்கு, லோ கியர், நின்ன எடத்துல தான் போடணும், போட்டா சக்கரத்துக்குப் போற இழுவை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடும், ஆள் நடக்கற வேகத்துல கல்லு மேல ஏறி இறங்கலாம், இறக்கத்துல பிரேக்கை மிதிக்காமயே இன்ஜினே புடிச்சுக்கும். அதுக்குத் தான் அந்த வண்டிக்கு இவ்ளோ மவுசு. ஜப்பான்ல 2025-ல அஞ்சு கதவு ஜிம்னியை இறக்கினப்போ நாலே நாள்ல சுமார் 50,000 ஆர்டர் குவிஞ்சு புக்கிங்கையே நிறுத்திட்டாங்க. உங்க வீட்டுக்காரர் மட்டும் தனியா பைத்தியம் புடிச்சு அலையல.

கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப்ல ஆட்டோ மோடுல முன் சக்கரம் தான் வேலை செய்யும், அது வழுக்க ஆரம்பிச்சா கம்ப்யூட்டரே பின் சக்கரத்துக்கும் இழுவையை அனுப்பிடும், நீங்க கையை வைக்க வேண்டாம். ஸ்நோன்னு ஒரு மோடு, லாக்னு ஒரு மோடு. லாக் போட்டா வழுக்கற வரைக்கும் காத்திருக்காம பின் சக்கரமும் கூடவே தள்ளும். உங்க ஏத்தத்துக்கு அடியிலயே வண்டியை நிறுத்தி லாக் போட்டுட்டு ஏறுங்க, பாதி ஏறி சக்கரம் சுத்த ஆரம்பிச்சதுக்கப்புறம் பட்டனைத் தேடாதீங்க. குறைன்னா லோ கியர் கிடையாது. ரொம்ப செங்குத்தான எடத்துல மெதுவா போகணும்னா மேனுவல் வண்டில பாதி கிளட்ச்லயே ஓட்டுவீங்க, அஞ்சு நிமிஷத்துல கருகின வாடை வந்துடும்.

210-ன்னு ரெண்டுக்கும் ஒரே நம்பர் போட்டிருக்கறதை நம்பி ஏமாறாதீங்க. ஜிம்னிக்கு மூக்கு சின்னது, 36 டிகிரி சரிவுல கூட பம்பர் இடிக்காம ஏற ஆரம்பிக்கும். கிராண்ட் விட்டாராவுக்கு மூக்கு நீளம், தவிர அஞ்சு பேரும் மூட்டை முடிச்சும் ஏறினா வயிறு இன்னும் கீழ இறங்கும். ஒருநாள் மழை விட்டதும் அந்த ரெண்டு கிலோமீட்டரை நடந்து பாருங்க. ரெண்டு சக்கரத் தடத்துக்கு நடுவுல இருக்கிற மண் மேடு முழங்காலுக்கு கீழ பாதி உயரத்துக்கு இருந்தா எந்த மோடும் உங்களைக் காப்பாத்தாது, அடிவயிறு உக்காந்து நாலு சக்கரமும் சும்மா சுத்தும். வண்டி வாங்கற காசுல கொஞ்சத்தை எடுத்து அந்த மேட்டை வெட்டிடறது புத்திசாலித்தனம்.

நீங்க சொல்றதை வச்சுப் பாத்தா கிராண்ட் விட்டாரா தான். ஆனா டெஸ்ட் டிரைவ் போறப்போ அத்தையையும் கூட்டிட்டுப் போங்க, அவங்க ஏறி இறங்கறதை பக்கத்துல நின்னு பாருங்க, எந்தக் கைப்பிடியைப் புடிக்கறாங்க, முட்டியை எவ்ளோ மடக்க வேண்டியிருக்குன்னு. இன்னொண்ணு, விளம்பரத்துல வர்ற பெரிய மைலேஜ் நம்பர் ஸ்ட்ராங் ஹைப்ரிடோடது (இன்ஜினோட கரண்ட் மோட்டாரும் வண்டியை ஓட்டறது), அதுல முன் சக்கரம் மட்டும் தான் இழுக்கும். நாலு சக்கரமும் இழுக்கறது மைல்ட் ஹைப்ரிட்ல (மோட்டார் இன்ஜினுக்கு சின்ன உதவி மட்டும் பண்றது). அந்த நம்பரைப் பாத்துட்டு இந்த வண்டியை புக் பண்ணிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீங்க.

கேள்வி: ஃபோர் வீல் இருந்தா மழைல பிரேக்கும் நல்லா புடிக்குமா?

பதில்: புடிக்காது. எந்தக் காரா இருந்தாலும் பிரேக் நாலு சக்கரத்துலயும் தானே இருக்கு! ஃபோர் வீல் கிளம்பறதுக்கு உதவும், நிறுத்தறதுக்கு டயர் தான். கிளம்பும்போது வழுக்காததால ரோடு நல்லா இருக்குன்னு நினைச்சு வேகமா போயிடறோம், ஆபத்தே அங்க தான்.

கேள்வி: ஒரு டயர் மட்டும் வெட்டு வாங்கிடுச்சு, அதை மட்டும் புதுசா மாத்தலாமா? வண்டி ஆல் வீல் டிரைவ்.

பதில்: மத்த மூணும் பாதிக்கு மேல தேஞ்சிருந்தா வேண்டாம். புது டயர் கொஞ்சம் பெருசு, அதனால அது மெதுவா சுத்தும், அந்த வித்தியாசத்தை முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல இருந்து இழுவையை பின்னுக்கு அனுப்பற கப்ளிங் ஓயாம சமாளிச்சு சூடாகிப் போகும். நாலையும் மாத்துங்க, எவ்ளோ வித்தியாசம் வரைக்கும் பரவாயில்லன்னு வண்டியோட வர்ற புத்தகத்துல பாத்துக்கங்க. நான் ஒரு தடவை மொட்டை டயரோட ஃபோர் வீல் இருக்குங்கற தைரியத்துல சேத்துல இறங்கி நின்னுட்டேன், வண்டி பேரு வேண்டாம், தப்பு என்னோடது தான். டிராக்டர் வந்துடுச்சு, கயிறு இருக்கு, ஆனா இழுக்கறதுக்கு மாட்டற கொக்கி எங்கன்னு தெரியல. அரை மணி நேரம் தேடினப்புறம் ஜாக்கி பக்கத்துல பையில கிடந்தது, பம்பர்ல இருக்கிற சின்ன மூடியை ஒரு காசால நெம்பி எடுத்துட்டு அதைத் திருகி மாட்டணுமாம். உங்க வண்டில அது எங்க இருக்குன்னு இன்னிக்கே டிக்கியைத் தொறந்து பாத்து வச்சுக்கங்க.