நீதிமன்றங்களைக் குறைப்பது எப்படிச் சீர்திருத்தம் ஆகும்?

எண்ணிக்கை குறைந்தால் வழக்குகள் தேங்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான். டென்மார்க்கைப் பாருங்கள். 2007 ஜனவரி 1 அன்று அங்கே 82 மாவட்ட நீதிமன்றங்கள் 24 ஆகச் சுருங்கின.

பழைய நீதிமன்றங்கள் பலவற்றில் ஒரே ஒரு நீதிபதிதான். திருட்டு வழக்கோ கடன் பாக்கியோ, எல்லாம் அவர் தலையில். அவர் விடுப்பில் போனால் அங்கே வேலை தடுமாறும். பல நீதிபதிகள் ஒரே கட்டடத்துக்கு வந்த பிறகு, சிக்கலான சிவில் வழக்கை மூன்று பேர் சேர்ந்து விசாரிக்க முடிந்தது. அதனால்தான் முன்பு நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போன பெரிய வழக்குகளும் இப்போது கீழேயே தொடங்குகின்றன. என்னைக் கேட்டால் உண்மையான மாற்றம் இதுதான், எண்ணிக்கை அல்ல.

அப்புறம் நிலப் பதிவு. நீதிமன்றம்தோறும் நடந்த அந்த வேலையை ஹோப்ரோ என்ற சிறு ஊரில் குவித்தார்கள். 2009இல் அது கணினிக்கு மாறியபோது விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்து, வீடு வாங்கியவர்கள் காத்துக் கிடந்தார்கள்.

சரி, தூரம்? சிற்றூர்க்காரர்களுக்குப் பயணம் கூடியது உண்மை. கடல் நடுவே இருக்கும் போர்ன்ஹோல்ம் தீவுக்கு மட்டும் தனி நீதிமன்றத்தை விட்டுவைத்தார்கள்.