650 சிசி வண்டியில் விசாகப்பட்டினம்: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஜனவரியில் விசாகப்பட்டினம் வரை போய்வர ஆசை. ஆனால் நெல்லூர் போவதற்குள்ளேயே உட்காரும் இடம் எரிகிறது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது, வலது கை சுண்டுவிரல் மரத்துப்போகிறது. என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். 40,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். சைலன்சர், அகல டயர், உயரமான விண்ட்ஷீல்டு, மூன்று பெட்டி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் ஆரம்பிப்பது?

பதில்: பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஒரு ஸ்பேனர் செட்டும் இஞ்ச் டேப்பும் போதும்.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளி ஓரமாக ஓடும் அல்நார் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். கைக்கு உறை மாட்டுவதும் தடித்த கிரிப் போடுவதும் ஓரளவுதான் உதவும். கையில் ஏன் அவ்வளவு பாரம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது இதுதான்: சீட் முன்பக்கம் சரிந்திருக்கும், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் நீங்கள் டாங்கை நோக்கி வழுக்குவீர்கள், ஹேண்டில்பாரைத் தள்ளித்தள்ளிப் பின்னால் வந்து உட்காருவீர்கள். கை, இடுப்பு, உட்காரும் இடம் மூன்றுக்கும் அநேகமாக ஒரே காரணம்.

முதலில் லீவர்களைப் பாருங்கள். வழக்கம்போல் உட்கார்ந்து விரல்களை நீட்டினால், முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக இருக்கும்போதே கிளட்சும் பிரேக்கும் அகப்பட வேண்டும். மணிக்கட்டை மேலே மடித்தால்தான் எட்டுகிறது என்றால், லீவர் பிடிப்பைத் தளர்த்திச் சற்றே கீழே திருப்பி முடுக்குங்கள்.

அடுத்தது பின் ஷாக் அப்சார்பர். உங்கள் வண்டியில் பின்சக்கரம் ஏறி இறங்கும் தூரமே 88 மி.மீ. தான். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, அச்சிலிருந்து நேர் மேலே ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் ஹெல்மெட், பையோடு நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் இன்னொருவர் அதே அளவை எடுக்கட்டும். வித்தியாசம் 25 முதல் 30 மி.மீ. வந்தால் சரி. அதற்கு மேல் என்றால் ஸ்பிரிங் ஏற்கெனவே பாதி அமுங்கிக் கிடக்கிறது. பள்ளத்தில் விழும்போது மிச்சத் தூரம் போதாமல் அடி நேராக முதுகெலும்புக்குப் போகும். குறைவு என்றால் வண்டி கட்டைபோலக் குதிக்கும். ஸ்பிரிங்கை இறுக்கவோ தளர்த்தவோ செய்யும் ஷாக்கின் வளையத்தை ஒரு படி திருப்பி மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கட்டும். புது ஷாக் வாங்கச் சொல்லும் பலர் இந்த வளையத்தைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது சீட். உங்கள் பணத்தில் முதல் செலவு இதற்குத்தான். மெத்தென்று இருந்தால் சுகம் என்பது கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்க்கும்போது மட்டும் உண்மை. மென்மையான ஃபோம் அரை மணி நேரத்தில் அமுங்கி, இடுப்பின் அடி எலும்புகள் இரண்டும் சீட்டின் அடித்தட்டில் முட்டும். தேவை அடர்த்தியான ஃபோம், அதிலும் எலும்பு பதியும் இடம் அகலமாக. ஆனால் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த வண்டியின் சீட் உயரம் 804 மி.மீ. நெடுஞ்சாலைக்கென்று ஃபோமை ஏற்றினால் நுனிக்காலில்தான் நிற்க முடியும். விஜயவாடா நெடுஞ்சாலையில் அது தெரியாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே, மணலும் எண்ணெயும் கிடக்கும் தரையில், 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியைத் தாங்கும்போது தெரியும். ஊரை விட்டு வெளியே வரவே ஒரு மணி நேரம் ஆகும் நம் பகுதிக்கு, நெடுஞ்சாலையை மட்டும் நினைத்துத் தைத்த சீட் சரிப்படாது. போதாததற்கு, கால் ஊன்றும்போது ஃபுட்ரெஸ்ட் வேறு காலில் இடிக்கும்.

ஆகவே உயரத்தை ஏற்றாமல் வடிவத்தை மாற்றச் சொல்லுங்கள். தொடைக்கு நடுவே வரும் முன்பகுதியின் இரண்டு ஓரத்தையும் செதுக்கினால் கால் நேராகக் கீழே இறங்கும். உட்காரும் பகுதி முன்னால் சரியாமல் சமமாக இருக்க வேண்டும். பின்னால் இடுப்பை அணைக்கும் சிறு மேடு வேண்டும். ஃபோம் வெட்டியதும் ரெக்ஸின் போட விடாதீர்கள். வெறும் ஃபோமோடு வண்டியில் மாட்டி, கால்மணி நேரம் உட்கார்ந்து, எங்கே உறுத்துகிறதோ அங்கே பேனாவால் குறித்துக் கொடுங்கள். நல்ல கைவேலைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். உட்காரும் இடத்தின் நடுவே தையல் வரக் கூடாது, மழைநீர் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். ஜெல் பேடு பற்றிக் கேட்பீர்கள்: வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தால் தோசைக்கல்தான். கம்பெனி சீட்டை வெட்டாமல், பழைய சீட் ஒன்று வாங்கி அதில் இந்த வேலையைச் செய்வது புத்திசாலித்தனம்.

சீட் சரியானதும் அதிகாலையில் கிளம்பி மாதவரம் வழியாக ஜி.என்.டி. சாலை பிடித்து, தடா தாண்டி சூலூர்பேட்டை வரை போய்வாருங்கள். கை அப்போதும் மரத்தால் மட்டும் ஹேண்டில்பாரை ஓர் அங்குலம் உயர்த்தும் ரைசரை யோசிக்கலாம். மாட்டியதும் இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் விறைக்கவில்லையா என்று பாருங்கள்.

விண்ட்ஷீல்டு சிறியதே போதும், மார்பில் மோதும் காற்றைத் தடுத்தால் சரி. கண்ணுக்கு நேர் உயரத்தில் முடிந்தால், அதன் விளிம்பில் சுழலும் காற்று ஹெல்மெட்டைப் போட்டு உலுக்கும். அதைவிட, காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிப் பாருங்கள். காற்றின் இரைச்சல்தான் பாதிக் களைப்புக்குக் காரணம். ஹாரன் சத்தம் அப்போதும் கேட்கும்.

மூன்று பெட்டி வேண்டாம். பின் அச்சுக்குப் பின்னால், உயரத்தில் பாரம் ஏறினால் முன்சக்கரம் லேசாகி, வேகத்தில் ஹேண்டில் ஆடத் தொடங்கும். இரு பக்கமும் துணிப் பை, கனமானவை அடியில், சைலன்சரில் படாதபடி. அவ்வளவுதான். ஸ்போக் சக்கரம் என்றால் பையில் மாற்று டியூப் கட்டாயம்.

அகல டயர் வளைவில் வண்டியைக் கனமாக்குமே தவிர சுகம் தராது. பின் டயர் கம்பெனி அளவான 130/70-18 ஆகவே இருக்கட்டும். சத்தமான சைலன்சர் எட்டு மணி நேரத்தில் தலைவலி தரும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமும் உண்டு.

சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் சுமார் 800 கிலோமீட்டர். விஜயவாடாவில் ஓர் இரவு தங்கி இரண்டு நாளில் போங்கள். வேலை எல்லாவற்றையும் டிசம்பர் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். புதிதாக மாட்டிய போல்ட்டுகளை 200 கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி முடுக்க வேண்டும். காசிமேட்டுக் கடல்காற்றுக்கு மலிவான இரும்பு போல்ட் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள்.