சுவரில் மாட்டிய திட்டம் பட்டறைக்கு எப்போது இறங்கும்?

வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில், பெரும்பாலும் பாடி, அம்பத்தூர் பக்கம், உற்பத்தித் திட்டமிடல் பார்த்தே இருபத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. தொழில் உத்தியை நடைமுறைக்குக் கொண்டுவருவது பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி (கோவை, பவுண்டரி உரிமையாளர்): போன ஏப்ரலில் ஊட்டியில் இரண்டு நாள் உட்கார்ந்து ஐந்து வருடத் திட்டம் போட்டோம் சார். ஏற்றுமதி வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதியில் சரக்கு போக வேண்டும் என்பதுதான் அதில் முதல் வரி. எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு மாதம்கூட ஒழுங்காகப் போகவில்லை. ஆட்களுக்கு அக்கறை இல்லையா?

பதில்: அக்கறையைச் சந்தேகப்படுவதற்கு முன், உங்கள் சூப்பர்வைசருக்கு இன்சென்டிவ் எதை வைத்துக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். டன் கணக்கு என்றால் நோய் தெரிந்துவிட்டது. நான் வேலை பார்த்த ஒரு பவுண்டரியில் இதே கூத்துதான். 25ஆம் தேதி தாண்டினால் மோல்டிங் லைனில் பேட்டர்ன், அதாவது வார்ப்பின் அச்சு மாதிரி, மாறும். நாற்பது கிலோ வார்ப்பு ஏறும்; ஏற்றுமதிக்குப் போக வேண்டிய ஒன்றரைக் கிலோ சில்லறைச் சாமான் இறங்கிவிடும். கேட்டால், "டன் வரணும்ல சார்" என்பார் ஷிப்ட் சூப்பர்வைசர். அவர்மேல் தப்பே இல்லை. மேலே தேதி என்று எழுதிவிட்டு, கீழே டன்னுக்குக் காசு கொடுத்தது நாங்கள்.

கடைசியில் டன்னை எடுத்துவிட்டு, சொன்ன தேதியில் எத்தனை ஆர்டர் போனது என்ற கணக்குக்கு மாறினோம். முதல் இரண்டு மாதம் டன் சரிந்தது, முதலாளிக்குத் தூக்கம் போனது. பழையபடி மாற்றிவிடலாமா என்று மூன்று முறை கூப்பிட்டுக் கேட்டார். அந்த இரண்டு மாதத்தைப் பற்றி ஊட்டியில் யாரும் பேசுவதில்லை. அந்த இறக்கத்தைத் தாங்குவதற்கான பணத்தையும் திட்டத்திலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி (ஓசூர், 40 பேர் வேலை செய்யும் ஜாப் ஒர்க் யூனிட்): கஸ்டமர் ஆடிட்டில் ஹோஷின் கான்ரி இருக்கிறதா என்கிறார்கள். எங்கள் அளவுக்கு அது தேவையா?

பதில்: 1960களில் ஜப்பானிய ஆலைகளில் உருவான முறை அது. நம் பக்கம் பாலிசி டிப்ளாய்மென்ட் என்றால் தெரியும். 1998இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவும், 2002இல் டிவிஎஸ் மோட்டாரும் தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசு வாங்கியபோது, இதெல்லாம் ஜப்பான்காரனுக்குத்தான் சரிவரும் என்ற பேச்சு இங்கே கொஞ்சம் அடங்கியது.

விஷயம் எளிது. வருடத்துக்கு இரண்டு மூன்று இலக்கு. அதைக் கீழே தள்ளிவிட்டுப் போகக் கூடாது. வாங்கியவர் திருப்பிப் பேச வேண்டும், பந்தைப் போட்டுப் பிடிப்பது மாதிரி. "ரிஜெக்‌ஷன் பாதியாக வேண்டும்" என்கிறீர்கள். மெஷினைச் செட் பண்ணும் செட்டர் வந்து, "அளவு பார்க்கும் கேஜ் ஒன்றுதான் இருக்கிறது சார், இரண்டு மெஷினுக்கும் அதையே தூக்கிக்கொண்டு ஓடுகிறேன்" என்கிறார். ஒன்று, இன்னொரு கேஜ் வாங்குங்கள். இல்லையென்றால் இலக்கைக் குறையுங்கள். இரண்டும் செய்யாமல் கையெழுத்து மட்டும் வாங்கினால் ஆடிட்டருக்குக் காட்டலாம், அவ்வளவுதான். 40 பேருக்கு ஒரு ஏ3 தாள் போதும்.

கேள்வி (திருச்சி, எம்பிஏ மாணவி): முதலில் ஆட்களின் மனநிலை மாற வேண்டுமா, வேலைமுறையா சார்?

பதில்: வேலைமுறை என்பேன். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. ஆட்களில் சுமார் 20 சதவீதம் பேர் வேலைக்கே வராத நாட்கள் உண்டு. 1982இல் மூடிவிட்டார்கள். 1984இல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து, நம்மி என்ற பெயரில் அதே ஆலையைத் திறந்தார்கள். பெரும்பாலும் அதே ஆட்கள், அதே தொழிற்சங்கம். குழுக் குழுவாக ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். லைனுக்கு மேலே ஒரு கயிறு ஓடும். கோளாறு கண்டால் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். இழுத்தால் டீம் லீடர் உதவிக்கு ஓடிவருவார். உடனே சரியாகாவிட்டால் லைன் நிற்கும். லைனை நிறுத்துவதே பெரிய குற்றம் என்றிருந்த இடத்தில் இது. வராதவர் கணக்கு 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது. புத்திமதி சொல்லி வந்ததல்ல இது.

ஆனால் கயிறு மட்டும் போதாது. நான் பார்த்த ஓர் ஆலையில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சிவப்பு ஸ்விட்ச் வைத்தார்கள். முதன்முதலில் அழுத்திய பயிற்சிப் பையனை மேனேஜர் எல்லோர் முன்னாலும், "எதுக்குப்பா நிறுத்தினே?" என்று கேட்டுவிட்டார். திட்டக்கூட இல்லை, கேட்டார். அப்புறம் அந்த ஸ்விட்சுகளில் தூசிதான் படிந்தது.

கேள்வி (சென்னை, ஐடி நிறுவனத்தின் எச்ஆர் பிரிவு): எங்கள் ஐந்து கொள்கைகளை மக், டீ-ஷர்ட் எல்லாவற்றிலும் அச்சடித்தோம். கல்ச்சர் மாறவில்லையே என்கிறார் எம்டி. அடுத்து என்ன செய்யலாம்?

பதில்: போன வருடம் யாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று எம்டியிடம் ஒரு பட்டியல் கேளுங்கள். உங்கள் கல்ச்சர் அதில் இருக்கும். அல்கோவா அலுமினிய நிறுவனத்துக்கு 1987இல் தலைவராக வந்த பால் ஓ'நீல், முதலீட்டாளர் கூட்டத்திலேயே லாபத்தை விட்டுவிட்டுத் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். பேச்சுதானே என்று நினைக்கலாம். 1996இல் பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரி எழுந்து, மெக்சிகோ ஆலையின் நிலைமையைப் பற்றிக் கேள்வி கேட்டார். விசாரித்தால், வாயு தாக்கித் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்ட விஷயம் தலைமையகத்துக்குச் சொல்லப்படாமலே இருந்தது தெரிந்தது. அந்தப் பிரிவை நன்றாக நடத்திவந்த மூத்த அதிகாரியை வீட்டுக்கு அனுப்பினார் ஓ'நீல். அதற்குப் பிறகு அங்கே யாருக்கும் மக் தேவைப்பட்டிருக்காது.

கேள்வி (திருப்பூர்): இலக்குகளைக் கண்காணிக்க நல்ல சாஃப்ட்வேர் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: ஒரு வெள்ளைப் பலகை, இரண்டு மார்க்கர். தினமும் காலை பத்து நிமிடம், நின்றுகொண்டே. மூன்று மாதம் விடாமல் நடந்தால் அப்புறம் சாஃப்ட்வேர் பேசுவோம்.

கேள்வி (கும்பகோணம், ஜவுளிக்கடை): அண்ணா, இந்த வருடம் கடனுக்கு விற்பதில்லை என்று முடிவெடுத்தோம். அப்பா கல்லாவில் உட்கார்ந்தால் பழைய ஆட்களுக்கு, "எழுதிக்கோப்பா" என்கிறார். கடைப் பையன்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

பதில்: தம்பி, அப்பாவிடம் இருப்பதும் ஓர் உத்திதான், எழுதி வைக்காத உத்தி. அந்தப் பழைய ஆட்கள்தான் வீட்டில் கல்யாணம் என்றால் முகூர்த்தப் பட்டுக்கு உங்கள் கடைக்கு வருவார்கள். அதை ஒரே வரியில் அடித்துவிட்டு, அவர் மாறவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். கடன் வரம்பு என்று ஒரு தொகை வையுங்கள். பற்று நோட்டில் அப்பா கையெழுத்து இருக்க வேண்டும். தீபாவளிக் கொள்முதலுக்குப் பணம் தேவை என்பதால் ஆடி முடிவதற்குள் பாக்கி வசூலாக வேண்டும். பையன்களிடம் இதை நீங்கள் சொல்லாதீர்கள், அப்பாவே சொல்லட்டும். தொகையையும் அவரையே சொல்லச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை பெரியவர்கள் நாம் பயப்படுவதைவிடக் குறைவாகத்தான் சொல்கிறார்கள்.