வெளியூரில் இருக்கும்போது 'பண்ணையிலிருந்து நேராக மேசைக்கு' என்று விளம்பரம் செய்யும் உணவகத்தில் சாப்பிடுவது தகுமா? அது உண்மைதானா என்று எப்படி அறிவது?

தாராளமாகச் சாப்பிடலாம். வேலை நிமித்தமாகப் பல நகரங்களுக்குச் சென்று வருபவன் என்ற முறையில், எங்கே தங்கினாலும் ஒரு வேளைச் சாப்பாட்டை இத்தகைய உணவகத்திற்கென்று ஒதுக்கிவைப்பதை நெடுநாள் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். உண்மையானதைப் போலியிலிருந்து பிரித்தறிய நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: அந்த உணவகத்தில் இன்றைக்கு எது இல்லை?

பண்ணை என்பது கேட்டதையெல்லாம் கேட்ட நாளில் கொடுக்கும் இடமன்று. இரண்டு நாள் அடைமழை பெய்தால் கீரை அழுகும். வெயில் திடீரென்று ஏறினால் ஒரு வாரத்தில் வர வேண்டிய காய் மூன்றே நாளில் முற்றிவிடும். அதை நம்பி அடுப்பேற்றும் சமையலறையின் உணவுப் பட்டியல் சிறியதாகவும் அடிக்கடி மாறுவதாகவும்தான் இருக்க முடியும். அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ஆலிஸ் வாட்டர்ஸ் 1971ஆம் ஆண்டு தொடங்கிய 'ஷே பனீஸ்' உணவகம் இந்த முறைக்குப் பெரும் முன்னோடியாக மதிக்கப்படுகிறது. அங்கே இரவு உணவுக்கு நாள்தோறும் மாறும் ஒரே பட்டியல்தான்; என்ன கிடைத்ததோ அதைக் கொண்டு சமையல் என்ற அந்த ஒழுங்கிலிருந்துதான் மற்றவை கிளைத்தன. ஆகவே நாற்பது ஐம்பது வகைகளைப் பன்னிரண்டு மாதமும் மாறாமல் தரும் ஓர் இடம் தன்னைப் பண்ணை உணவகம் என்று சொல்லிக்கொண்டால், எனக்கு ஐயம் எழத்தான் செய்யும்.

நான் முதன்முறையாகச் சென்றிருந்த ஒரு நகரத்தில், முன்பதிவு செய்து, மாலையில் சற்று முன்னதாகவே போய் உட்கார்ந்தேன். பட்டியல் ஒற்றைத் தாளில் இருந்தது. அதில் இரண்டு வரிகள் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தன. காரணம் கேட்டபோது, அன்று காலையில் பீன்ஸ் பாதி அளவுதான் வந்தது, அது மதியமே தீர்ந்துவிட்டது என்று பரிமாறிய பெண் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னார். தக்காளி நன்றாக வந்திருப்பதாக அவரே எடுத்துச் சொன்னதால் அதைக் கேட்டு வாங்கினேன். தடிமனான நான்கு வில்லைகள், சிறிது உப்பு, சில சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். வில்லையின் நடுவில் வெள்ளை நரம்பு ஓடவில்லை. விதையைச் சுற்றியிருந்த கூழ் நெகிழ்ந்து தட்டில் இறங்கியிருந்தது. காம்புப் பக்கத்தில் தோல் ஒருமுறை வெடித்து ஆறிய பழுப்புத் தழும்பு தெரிந்தது. அந்தத் தழும்பைத்தான் நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெடித்த பழம் நெடுந்தூர லாரிப் பயணத்தைத் தாங்காது. எந்த மொத்த வியாபாரியும் அதைப் பெட்டியில் ஏற்ற மாட்டார்.

அந்தச் சுவைக்குப் பின்னால் தெளிவான காரணம் உண்டு. தொலைதூரம் போகும் தக்காளியைப் பெரும்பாலும் பச்சையாகவே பறித்து, பிறகு எத்திலீன் வாயுவால் நிறமேற்றுகிறார்கள். வழியில் குளிரில் வைப்பதால் பழம் கெடாமல் இருக்கும். ஆனால் ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நாட்கணக்கில் இருந்தால் மணத்தைத் தரும் சேர்மங்கள் உருவாவது மந்தமாகிவிடுகிறது. ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதை மரபணு அளவில் விளக்கினார்கள். இனிப்புச் சோளமும் இப்படித்தான்: பறித்த நொடியிலிருந்தே அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. தூரம் குறைந்தால் சுவை கூடும் என்பது இவற்றைப் பொறுத்தவரை வெறும் விளம்பரப் பேச்சன்று. உலர்ந்த பருப்புக்கும் தானியத்துக்கும் இது அவ்வளவாகப் பொருந்தாது என்பதால், இத்தகைய உணவகத்தில் காய், கனி, கீரை சார்ந்தவற்றையே கேட்டு வாங்குங்கள்.

ஏமாந்ததும் உண்டு. வேறொரு நகரத்தில், வாசல் கரும்பலகையில் ஐந்தாறு பண்ணைகளின் பெயர்களை அழகான எழுத்தில் எழுதிவைத்திருந்த உணவகத்திற்குப் போனேன். தட்டில் இருக்கும் கேரட் இவற்றுள் எந்தப் பண்ணையுடையது என்று கேட்டேன். எல்லாமே எங்கள் பண்ணைகளிலிருந்துதான் வருகிறது என்ற பொதுவான பதில்தான் கிடைத்தது. கை கழுவப் போகும் வழியில், சமையலறைக் கதவோரம் மொத்த வியாபார நிறுவனத்தின் முத்திரையோடு அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். சாப்பாடு மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உழைத்த விவசாயியின் பெயரை அலங்காரத்துக்காக எடுத்துக்கொள்வது எனக்கு மிகவும் வருத்தமளித்தது. அமெரிக்காவின் 'டாம்பா பே டைம்ஸ்' நாளிதழ் 2016இல் தன் வட்டார உணவகங்களைப் பற்றி இதையே ஆராய்ந்து வெளியிட்டது. பட்டியலில் பெயர் போட்டிருந்த பண்ணைகளைத் தொடர்புகொண்டு கேட்டபோது, தாங்கள் அந்த உணவகத்திற்கு எதுவும் விற்பதில்லை என்று சிலர் கூறியிருந்தனர்.

எனவே போவதற்கு முன்பு, அந்த உணவகம் வெவ்வேறு மாதங்களில் வெளியிட்ட பட்டியல்களை இணையத்தில் தேடி ஒப்பிட்டுப் பாருங்கள். உட்கார்ந்த பிறகு, "இன்று காலை என்ன வந்தது?" என்று மட்டும் கேளுங்கள், உண்மையான இடத்தில் அந்தக் கேள்விக்கு முகம் மலர்ந்து பதில் சொல்வார்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் முன்பதிவின்போதே அதைச் சொல்லிவிடுவது அவசியம், ஏனென்றால் நீங்கள் இணையத்தில் பார்த்துவைத்த உணவு அன்றைக்கு வேறொன்றாக மாறியிருக்கலாம். இயன்றால் ஊருக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாளே சென்று வாருங்கள். பிடித்திருந்தால் மறுபடியும் போக நாள் மிச்சமிருக்கும்.

நான் அந்தத் தக்காளி உணவகத்திற்கு, ஊர் திரும்பும் நாளன்று மதியம் மீண்டும் போனேன். பீன்ஸ் வந்திருந்தது. தக்காளி வரியைப் பேனாவால் அடித்திருந்தார்கள்.