காய்ச்சினாலும் போகாதவை: குடிநீர் பற்றிய கேள்வி பதில்

குடிநீரில் கிருமிநீக்கத்தின்போது உண்டாகும் துணைப்பொருள்களையும், குழாய்களிலிருந்தும் பாத்திரங்களிலிருந்தும் இறங்கும் உலோகங்களையும் அளப்பது என் பணி. இவ்வாரக் கேள்விகளுக்கு வருகிறேன்.

ஈசூன் வாசகி: குழாய்நீரில் மருந்து வாடை வருகிறது. பாத்திரத்தில் பிடித்து இரவு முழுதும் மூடாமல் வைத்தால் போய்விடுமா?

போகாது. சிங்கப்பூர்க் குழாய்நீரில் இருப்பது தனிக் குளோரின் அன்று. அதனுடன் அம்மோனியாவும் சேர்ந்து உண்டாகும் குளோரமைன். எளிதில் கலைந்து போகாததால்தான் அது நெடுந்தொலைவுக் குழாய்களின் கடைசி வீடு வரைக்கும் கிருமிகளைத் தடுக்கிறது. வாளியில் பிடித்து வைத்த நீரை, குளோரமைனை நீக்கும் மருந்திடாமல் மீன்தொட்டியில் ஊற்றினால் மீன்கள் இறப்பதும் இதனால்தான். குழாய்நீரில் இருக்கும் அளவு குளோரமைன் நம் உடலுக்குத் தீங்கு செய்யாது.

குளோரின் நீரிலுள்ள மக்கிய தாவரப் பொருள்களோடு வினைபுரிந்து குளோரோஃபார்ம் போன்ற நச்சுகளை உண்டாக்குவதை நெதர்லாந்தின் வேதியியலாளர் யோகன்னஸ் ரூக் 1974இல் வெளியிட்டார். குளோரமைனில் அவை குறைவு. ஆயினும் என்டிஎம்ஏ (NDMA) என்ற வேறொரு நச்சு உண்டாகக்கூடும். அதற்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு லிட்டருக்கு 100 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு). இதைப் படித்துவிட்டுக் கிருமிநீக்கமே வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். காலராவின் ஆபத்து இவை எல்லாவற்றையும்விடப் பெரிது.

உட்லண்ட்ஸ் வாசகர்: காய்ச்சிக் குடித்தால் எல்லா நச்சும் நீங்கிவிடும்தானே?

கிருமிகள் சாகும். காரீயம் (lead), ஆர்செனிக், ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவை நீங்கமாட்டா. நீர் ஆவியாகக் குறையக் குறைய அவற்றின் அடர்த்தி கூடும்.

சுவா சூ காங் வாசகர்: பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. குழாயில் செந்நிற நீர் வருகிறது.

பொதுக் குழாயும் நீர்த்தொட்டியும் நகர மன்றத்தின் பொறுப்பு. வீட்டுக்குள் இருக்கும் குழாய்க்கு உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழையுங்கள்.

தெம்பனீஸ் வாசகி: பிஃபாஸ் என்ற நச்சுக்கு அமெரிக்கா விதித்த வரம்பு எவ்வளவு சிறியது?

பிஃபாஸ் (PFAS) என்பது மனிதர் உருவாக்கிய பல்லாயிரம் ஃபுளோரின் சேர்மங்கள் கொண்ட குடும்பம். அவற்றுள் பிஃபோவா (PFOA), பிஃபோஸ் (PFOS) ஆகிய இரண்டுக்கும் 2024இல் தனித்தனியே விதிக்கப்பட்ட வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். 25 லட்சம் லிட்டர் கொள்ளும் ஒலிம்பிக் நீச்சல்குளத்தில் 10 மில்லிகிராம் கரைந்தாலே அந்த வரம்பு எட்டப்பட்டுவிடும். கார்பனும் ஃபுளோரினும் பிணைந்திருக்கும் வலிமையால் அது இயற்கையில் எளிதில் சிதைவதில்லை. வடிகட்டியில் இருக்கும் கிளர்வூட்டிய கரி (activated carbon) அதைப் பிடித்து வைக்கும். கரியை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அந்த வடிகட்டியால் பயனில்லை. காய்ச்சுவதாலும் பயனில்லை.

ஜூரோங் வாசகர்: தருமபுரியில் மாமா வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறார்கள். பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை.

காய்ச்சுவது உதவாது என்று மூன்றாம் முறையாக எழுதுகிறேன். அந்த மாவட்டத்தின் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைகிறது, பற்களின் கறைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. நீரை அளக்கச் சொல்லுங்கள். அதுவரை பிள்ளைகளுக்கு வேறு நீர் கொடுக்கச் சொல்லுங்கள்.

பொங்கோல் வாசகி: அம்மா கொடுத்தனுப்பிய ஈயச் சொம்பில்தான் ரசம் வைக்கிறேன். ஈயம் நச்சு என்கிறார்களே?

தமிழில் ஈயம் என்ற ஒரு சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. சொம்புக்கு உரியது வெள்ளீயம் (tin). நச்சு என்பது காரீயம். தூய வெள்ளீயச் சொம்பைப் பற்றி நான் அஞ்சுவதில்லை. விலை குறைய வேண்டும் என்பதற்காகக் காரீயம் கலந்து வார்க்கப்பட்ட சொம்பைப் பற்றித்தான் அஞ்சுகிறேன். புளியின் அமிலம் அதைக் கரைத்து ரசத்தில் இறக்கும்.

செங்காங் வாசகர்: என் பாட்டி தொண்ணூறு வயது வரை அந்த ரசம்தான் குடித்தார். பாரம்பரியத்தைப் பழிக்காதீர்கள்.

ஐயா, நான் பழிக்கவில்லை. அந்த ரசத்தின் மணம் எனக்கும் பிடிக்கும். பாட்டியின் சொம்பு தூய வெள்ளீயமாக இருந்திருக்கலாம். இன்று கடையில் வாங்கும் சொம்பும் அப்படித்தான் என்பதற்கு அது சான்றாகாது. காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. குழந்தையின் மூளையை அது பாதிக்கும், நாக்குக்கோ கண்ணுக்கோ தெரியாது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2000ஆம் ஆண்டு கிருமிநீக்கத்தைக் குளோரினிலிருந்து குளோரமைனுக்கு மாற்றியபோது, பழைய காரீயக் குழாய்களின் உட்படலம் கரைந்து வீட்டுக் குழாய்நீரில் காரீயம் உயர்ந்தது. அந்த நீரும் தெளிவாகத்தான் இருந்தது.

தோ பாயோ வாசகர்: தாளில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழாவிட்டால் நல்ல சொம்பு என்பார்கள்.

காரீயம் மிகுதியாக இருந்தால் கோடு விழும். சிறிதளவு கலந்திருந்தால் விழாமல் போகலாம். தாளை நம்ப வேண்டாம்.

பொங்கோல் வாசகி: அப்படியானால் ரசத்தை இன்னும் நன்றாகக் கொதிக்கவிடட்டுமா?

வேண்டாம், அம்மா. சூடும் புளிப்பும் சேர்ந்தால் கரைவது கூடும். சொம்பில் புளித்தண்ணீரை ஓரிரவு ஊற்றி வைத்து, அந்த நீரில் காரீயம் எவ்வளவு என்று ஆய்வகத்தில் அளக்கக் கொடுங்கள். வீட்டில் சிறுபிள்ளை இருந்தால், முடிவு வரும்வரை எவர்சில்வர் பாத்திரத்தில் ரசம் வையுங்கள்.