36, 50, 68

வணக்கம் சார்,

வியாசர்பாடியில் கேரம் ஆடி வளர்ந்தவன். வேலைக்குப் போன இடத்தில் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரில் நண்பர் வீட்டில் கூடி ஆடுவோம். போன வாரம் 6 நோ டிரம்ப் கான்ட்ராக்ட் எடுத்தேன், அதாவது துருப்பு இல்லாமல் 13 பிடியில் 12 எடுப்பதாகச் சொன்னேன்.

என் கை: இஸ்பேட் ஏஸ், ராணி, 10, 4, ஆர்ட்டின் ராஜா, ராணி, 5, 2, டைமண்ட் 7, 5, 3, கிளாவர் 8, 4.

டம்மி (மேஜையில் விரித்து வைத்த பார்ட்னர் கை): இஸ்பேட் ராஜா, ஜாக்கி, 5, ஆர்ட்டின் ஜாக்கி, 6, 4, டைமண்ட் ஏஸ், ராஜா, ராணி, 2, கிளாவர் ஏஸ், ராணி, 7.

இடப்பக்கத்து ஆள் ஆர்ட்டின் ஏஸைப் பிடித்துவிட்டு மறுபடி ஆர்ட்டினே போட்டார். எதிராளிகளிடம் உள்ள ஆறு டைமண்ட் 3-3 பிரிய 36 சதவீதம், கிளாவர் ராஜா இடப்பக்கம் இருக்க 50 சதவீதம். பெரியதை நம்பி உடனே கிளாவர் ராணியை ஃபினெஸ் செய்தேன், அதாவது ராஜா இடப்பக்கம் இருக்கும் என்று எண்ணி கையிலிருந்து சின்னக் கிளாவர் போட்டு டம்மியில் ராணியை இறக்கினேன். ராஜா வலப்பக்கம். கான்ட்ராக்ட் போயிற்று. அப்புறம் பார்த்தால் டைமண்ட் 3-3! பார்ட்னர் இன்னும் என்னோடு பேசவில்லை. இது துரதிர்ஷ்டம்தானே? வீட்டிலோ சீட்டைத் தொட்டாலே சூதாட்டம் என்கிறார்கள்.

வியாசர்பாடி வாசகர்

*

நண்பருக்கு,

50, 36 இரண்டும் சரியான எண்கள்தான். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது?

ஆர்ட்டின் ஏஸ் போன பிறகு உங்களுக்கு இஸ்பேடில் 4, ஆர்ட்டினில் 3, டைமண்டில் 3, கிளாவரில் 1 என்று 11 பிடி நிச்சயம். 12-வதுக்கு டைமண்ட் 2 நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கிளாவர் ராணி பிடிக்க வேண்டும். இன்னொரு பிடி விட்டால் ஆட்டம் முடிந்தது.

கேரமில் எந்த அடி தவறினாலும் ஸ்டிரைக்கர் எதிராளி கைக்குப் போய்விடும். பிரிட்ஜில் சில முயற்சிகள் தவறினாலும் முறை உங்களிடமே இருக்கும். டைமண்ட் ஏஸ், ராஜா, ராணியை இறக்கிப் பாருங்கள். 3-3 என்றால் 2 பிடிக்கும், வேலை முடிந்தது. இல்லையென்றாலும் நஷ்டம் ஏதுமில்லை. கைக்கு வந்து கிளாவர் போட்டு ராணியை முயலலாம். 36, அதோடு மீதி 64-ல் பாதி 32, ஆக 68 சதவீதம். கிளாவர் ஃபினெஸ் தவறினாலோ அதோடு சரி, டைமண்ட் எப்படிப் பிரிந்திருந்தாலும் பயனில்லை. தவறினால் உயிரை எடுக்கும் வழியைக் கடைசியில் வையுங்கள்.

நானாக இருந்தால் டைமண்டையும் உடனே தொடமாட்டேன். முதலில் மிச்ச ஆர்ட்டின்களையும் இரண்டு இஸ்பேடையும் ஓட்டுவேன். எதிராளிகள் எதையாவது எறிந்தாக வேண்டும். நான்கு டைமண்ட் வைத்திருப்பவர் அசந்து ஒன்றை எறிந்தால் 4-2 கூட நமக்கு 3-3தான். டம்மி, தன் மூன்றாவது ஆர்ட்டினும் தீர்ந்ததும், கிளாவர் 7-ஐ எறியட்டும். ஆனால் இஸ்பேடை முழுக்க ஓட்டிவிடாதீர்கள். டம்மியில் 5-உம் உங்களிடம் ஏஸும் இருக்க வேண்டும். அந்த 5 போய்விட்டால் டைமண்ட் ஏமாற்றிய பிறகு டம்மியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். கிளாவரைக் கையிலிருந்து போட வழியே இருக்காது. நன்றாக ஆடுகிறவர்களே சறுக்குகிற இடம் இது.

இரண்டு ஜாதியில் (இஸ்பேட், ஆர்ட்டின் போன்ற சீட்டு வகையில்) ராணி இல்லாதபோதும் இதே கணக்குதான். எட்டுச் சீட்டு இருக்கிற ஜாதியில் ஏஸ், ராஜாவை முதலில் இறக்குங்கள். வெளியே உள்ள ஐந்தில் ராணி விழ சுமார் 33 சதவீத வாய்ப்பு. விழாவிட்டால் இன்னொரு ஜாதியில் ஃபினெஸ்.

துரதிர்ஷ்டமா என்றால், இல்லை. டைமண்ட் 4-2, கிளாவர் ராஜா வலப்பக்கம் என்று அமைந்து தோற்றிருந்தால் அதுதான் துரதிர்ஷ்டம். 68 என்றாலும் மூன்றில் ஒரு முறை போகத்தான் செய்யும். அன்றைக்கும் பார்ட்னர் பேசாமல் இருந்தால் தப்பு அவர் மேல். இந்த முறை அவர் பக்கம்தான் நியாயம், நீங்களே போய்ப் பேசுங்கள்.

வீட்டில், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது என்று சொல்லிப் பாருங்கள். பணம் வைத்து ஆடாதவரை நான் உங்கள் கட்சி.