கண்ணாடி மாற்றிப் பயனில்லை என்றால் படிப்பதையே விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, இனி கண்ணாடியை மாற்றிப் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரிய பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன், சரிப்படவில்லை. காலையில் பேப்பர் படிக்க முடியாமல் தவிக்கிறார். அதிகச் செலவில்லாமல் வழி உண்டா?

பதில்: உண்டு. லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் கவனியுங்கள். செய்தித்தாள் மங்கிய தாள், அதில் எழுத்தும் அழுத்தமான கறுப்பு இல்லை. பார்வை குறைந்தவருக்கு மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் காணாமல் போகும், ‘க்’ எல்லாம் ‘க’ ஆகிவிடும். சுவரில் எரியும் டியூப்லைட் இதற்குப் போதாது. கழுத்து வளையும் எல்இடி மேசை விளக்கு ஒன்றை, ஓரளவு நன்றாகத் தெரியும் கண்ணின் பக்கமாக, பல்பு கண்ணில் படாதபடி தாழ்த்தி வையுங்கள். 60 செ.மீ. தூரத்தில் இருக்கும் விளக்கை 30 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் தாளில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய 4 மடங்காகும்.

அடுத்தது கறுப்பு அட்டை. பளபளப்பில்லாத கறுப்பு சார்ட் அட்டையில், பேப்பரின் ஒரு பத்தி அகலத்துக்கு, இரண்டு வரி தெரிகிற அளவு நீளவாக்கில் ஓட்டை வெட்டுங்கள். பேப்பரின் மேல் வைத்து, படிக்கப் படிக்கக் கீழே நகர்த்த வேண்டியதுதான். சுற்றியுள்ள தாளின் கூச்சம் மறையும், வரி தவறாது. காசே இல்லாத இந்த அட்டையைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன்.

இப்போது பூதக்கண்ணாடி. பொதுவாக லென்ஸ் அகலமாக இருந்தால் பவர் குறைவு. உங்கள் அப்பாவுக்குச் சின்ன, பவர் கூடிய லென்ஸ் தேவைப்படலாம். பிடிக்கும் விதமும் முக்கியம்: லென்ஸைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, எழுத்து தெளியும்வரை தாளை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும். லென்ஸின் பவரை டயாப்டர் என்ற அளவில் சொல்வார்கள்; 20 டயாப்டர் லென்ஸ் என்றால் தாள் 5 செ.மீ. தூரத்தில் இருக்கும். கை நடுங்கினால், தாளின் மேலேயே நிற்கும் ஸ்டாண்டு வைத்த லென்ஸ் நல்லது. இவ்வளவு கிட்டத்தில் படித்தால் இருக்கும் பார்வையும் போய்விடும் என்று வீட்டில் யாராவது பயமுறுத்துவார்கள். போகாது.

எந்த பவர் என்று கடையில் குத்துமதிப்பாக வாங்காதீர்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளில் இதற்கென்றே லோ விஷன் (குறைபார்வை) பிரிவு உண்டு. அங்கே அவரைப் படிக்கவைத்துப் பார்த்துச் சொல்வார்கள். நேராகப் பார்க்கும் இடம் மங்கியிருந்தால், கண்ணைச் சற்று ஒதுக்கி ஓரப் பார்வையால் படிக்கவும் பழக்குவார்கள். பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும், அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம், கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறதல்லவா? செய்தியைத் திரையில் பெரிதாக்கி, நிறத்தைத் தலைகீழாக்கிக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகக் காட்டுங்கள். சிலருக்கு அதுதான் கண் கூசாமல் தெரியும்.

ஒரு கண்ணை மூடி மற்றதால் கதவு நிலையைப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். நேர்க்கோடு புதிதாக வளைந்து தெரிந்தாலோ, பார்வை திடீரென்று குறைந்தாலோ, அட்டையையும் லென்ஸையும் ஓரம் வைத்துவிட்டு உடனே கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.